அண்ணி போட்ட கையெழுத்து

1

இந்தக் கதையை எழுதச் சொன்னது என் அண்ணி. நானாகத் தேடிப் போன கதை இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுச் சமையலறையில் அவர் பாத்திரம் கழுவ, நான் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னார்:

"நீ என்னென்னத்தையோ எழுதுற. எங்க கதையை எழுதேன்."

"எழுதலாம் அண்ணி. எதைப் பத்தி?"

"அந்த ஊசியைப் பத்தி. அதைப் போட்டதாலதான் உங்கண்ணனுக்கு வலிப்பு வந்துச்சான்னு."

"அதை டாக்டர்தானே சொல்லணும்?"

"டாக்டர் சொல்லிட்டாங்க. சொன்னது மனசுல நிக்க மாட்டேங்குது. கதையா இருந்தா நிக்கும்னு தோணுது." குழாயை மூடிவிட்டுத் திரும்பினார். "உண்மையா எழுது. என்னை ரொம்ப நல்லவளாக் காட்டாத."

ஆக, வாசகரே, இது ஊசியில் தொடங்க வேண்டிய கதை. ஆனால் எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் வருவது ஊசி இல்லை, ஒரு பழைய காரின் வாசனை.

2

தொடக்கங்கள்:

'மூளைக்குப் போகும் ரத்தக்குழாயை ஒரு ரத்தக்கட்டி அடைத்துக்கொள்ளும்போது அந்தப் பகுதிக்கு...' (வேண்டாம். நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். நானாக இருந்தாலும் புரட்டுவேன்.)

'அவரைப் போல ஒரு மனிதரைப் பார்ப்பது அரிது. எல்லாரிடமும்...' (இரங்கல் செய்தி மாதிரி இருக்கிறது. அண்ணன் உயிரோடுதான் இருக்கிறார். நேற்றுகூட நான் வண்டியை நிறுத்திய விதத்தைப் பார்த்து, "அது என்ன, பார்க்கிங்கா, விபத்தா?" என்றார்.)

சரி, கார்.

என் அண்ணன் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஒரே ஒரு கார், அதன் கூரையில் ஒரு பலகை, அவ்வளவுதான் பள்ளிக்கூடம். பயிற்சிக் கார் என்பதால் அதில் ஓட்டுபவருக்கு இருப்பதுபோலவே பக்கத்து இருக்கையின் கீழேயும் ஒரு பிரேக்கும் கிளட்சும் இருக்கும். அண்ணன் அந்த இருக்கையில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, தூங்கிவிட்டாரோ என்று நினைக்கும்படி உட்கார்ந்திருப்பார். கால் மட்டும் விழித்திருக்கும். வெயிலில் காய்ந்த இருக்கைத் துணியும், பெட்ரோலும், பயந்துபோன மாணவர்களின் வியர்வையும், அவர் எப்போதும் மெல்லும் இஞ்சி மிட்டாயும் கலந்த ஒரு வாசனை அந்தக் காருக்கு. அந்தக் காலம் முழுவதும் எனக்கு அந்த வாசனையில்தான் இருக்கிறது.

எனக்கும் அவர்தான் கற்றுக்கொடுத்தார். "கிளட்சைப் பட்டுனு விடாத. தூங்குற குழந்தையைக் கட்டில்ல கிடத்துற மாதிரி விடு" என்பார். நான் கிடத்திய குழந்தைகள் எல்லாம் அலறி எழுந்தன. அண்ணன் ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. கார் குலுங்கி நின்றதும், "பரவாயில்லை, இன்னும் யாரும் சாகல" என்பார். அதுதான் அவருடைய அதிகபட்சப் பாராட்டு.

அண்ணியும் அவருடைய மாணவிதான். அப்போது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தார். வண்டியை நன்றாகத்தான் ஓட்டுவார். ஆனால் ஓட்டுநர் தேர்வில், பின்னால் எடுக்கும் இடத்தில், ஒவ்வொரு தடவையும் கம்பத்தை இடித்துத் தோற்பார். தோற்றால் மறுபடியும் வகுப்பு. மறுபடியும் பக்கத்து இருக்கையில் அண்ணன்.

(அடிக்குறிப்பாக இருக்க வேண்டியது: "வேணும்னேதான் இடிச்சீங்களா அண்ணி?" என்று நான் பலமுறை கேட்டிருக்கிறேன். "கம்பம்தான் குறுக்க வந்துச்சு" என்பதே இன்றுவரை பதில்.)

கடைசியில் அண்ணன்தான், கம்பத்தைப் பார்த்தபடியே, "இனிமே ஃபீஸ் வாங்க எனக்கு மனசு வரல. கல்யாணம் பண்ணிக்கலாமா?" என்று கேட்டாராம். அடுத்த தேர்வில் அண்ணி ஒரே தடவையில் தேறிவிட்டார். தேறியபிறகு வண்டியைத் தொடவே இல்லை. எங்கே போனாலும் அண்ணன் ஓட்டினார். அவர் பக்கத்தில் அண்ணி. பின் இருக்கையில் நான், ஜன்னலில் மழை வழிவதை விரலால் தொடர்ந்துகொண்டு. அந்தப் பயணங்களில் எங்கே போனோம் என்பது ஒன்றுகூட எனக்கு நினைவில்லை. முன்னால் தெரிந்த அந்த இரண்டு தலைகளும் அப்படியே நினைவிருக்கின்றன.

(இந்தப் பகுதியைச் சுருக்க வேண்டும் என்று எழுதி வைத்திருந்தேன். சுருக்க மனம் வரவில்லை.)

3

இனி வருபவரை நீங்கள் நம்ப மாட்டீர்கள். நான் கற்பனையாக உண்டாக்கியிருந்தால் இவரை இவ்வளவு பொருத்தமாகப் படைத்திருக்க மாட்டேன், கூச்சமாக இருந்திருக்கும்.

அவர் ஒரு பல் டாக்டர். ஐம்பதைத் தாண்டியபிறகு கார் கற்றுக்கொள்ள வந்த பெண்மணி. எந்த வாயையும் நடுங்காமல் திறக்கச் சொல்பவர், சாலையில் இரண்டாவது கியருக்கு மாறப் பயப்படுவார். அண்ணன் அவருக்கு வைத்த பெயர் 'ஃபர்ஸ்ட் கியர் டாக்டர்'. நேரிலேயே அப்படித்தான் கூப்பிடுவார். அவரும் சிரித்துக்கொள்வார்.

அன்று காலை வகுப்பில் அண்ணன், "ரைட்ல திரும்புங்க" என்று சொல்லிக்கொண்டே கையை இடதுபக்கம் காட்டினார். டாக்டர் சிரித்தார். "மாஸ்டர், எந்தப் பக்கம்?" அண்ணன் மறுபடி ஏதோ சொன்னார். அது வார்த்தையாக வரவில்லை. டாக்டர் ஓரமாக நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார்.

"மாஸ்டர், கொஞ்சம் சிரிங்க."

அண்ணன் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். சிரிப்பு ஒரு பக்கம் மட்டும் ஏறியது. மறுபக்கம் அப்படியே தொங்கியது. நாள் முழுக்க வாய்களையே பார்க்கிறவருக்கு அது போதும். "கையைத் தூக்குங்க" என்றார். வலது கை எழவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியின் பலகை அந்தச் சாலையின் முடிவிலேயே தெரிந்தது. ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருப்பதைவிடப் போய்விடலாம் என்று டாக்டர் வண்டியைக் கிளப்பினார். கார் நகரவில்லை. அண்ணனின் செயலிழந்த வலது கால் அவர் பக்கத்து பிரேக்கின் மேல் பாரமாகச் சரிந்து கிடந்தது. டாக்டர் இறங்கிச் சுற்றி ஓடி வந்து, அவர் இருக்கையைப் பின்னால் தள்ளி, காலைத் தூக்கி ஒதுக்கி வைத்துவிட்டு, மறுபடி ஓடிப்போய் உட்கார்ந்தார்.

பிறகு அவர் எங்களிடம் சொன்னது: "மூணாவது கியர் வரைக்கும் போனேன்மா. போனது ஆஸ்பத்திரி வாசல்ல நிறுத்தினப்பதான் தெரிஞ்சுது."

4

இங்கேதான் ஊசி.

அண்ணியும் நானும் போய்ச் சேர்ந்தபோது ஸ்கேன் எடுத்துவிட்டிருந்தார்கள். மூளையின் இடதுபக்கத்தில் ஒரு பெரிய ரத்தக்குழாய் அடைபட்டிருந்தது. இளம் டாக்டர் ஒருவர் வேகமாகவும் தெளிவாகவும் சொன்னார். முதலில், அடைத்திருக்கும் ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி. அதோடு, தொடை இடுக்கிலிருந்து மெல்லிய குழாய் ஒன்றை ரத்தக்குழாய் வழியாகவே மூளைவரை கொண்டுபோய்க் கட்டியை வெளியே இழுக்க வேண்டும்.

"ஊசியால மூளைக்குள்ள ரத்தம் கசிய வாய்ப்பு இருக்கு. அதை நான் மறைக்கக் கூடாது. ஆனா செய்யலைன்னா வலது பக்கமும் பேச்சும் திரும்ப வர்றது ரொம்பக் கஷ்டம். உயிருக்கே ஆபத்தா முடியலாம். தள்ளிப்போடப் போட மூளை செத்துக்கிட்டே இருக்கும்."

அண்ணி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தார். "என்னங்க, ஊசி போடட்டுமா?" என்று அண்ணி கேட்டார். அண்ணன் வாயிலிருந்து வந்தது ஒரே சொல்: "கதவு." கேட்டதற்கெல்லாம் அதே சொல். "கதவு. கதவு."

எல்லாவற்றையும் அவரைக் கேட்டே செய்து பழகியவர் அண்ணி. திரைச்சீலைக்கு என்ன நிறம் என்பதுவரை கேட்பவர். அன்று பேனாவை வாங்கி, நின்றபடியே, சுவரில் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

(இந்த இடத்தில் அண்ணியின் மனதில் ஓடியதை எழுதப் பார்த்தேன். 'அவள் நெஞ்சுக்குள் ஆயிரம்...' என்று தொடங்கி அடித்துவிட்டேன். அவரிடமே கேட்டேன். "ஒண்ணும் ஓடல. சீக்கிரம் போடணும்னு மட்டும்தான் இருந்துச்சு" என்றார். அப்படியே விட்டுவிடுகிறேன்.)

5

மறுநாள் அண்ணனுக்கு வலது கை அசைந்தது. நர்ஸ் அவர் விழுந்துவிடாமலிருக்கக் கட்டிலின் பக்கக் கம்பியை ஏற்றிவிட்டார். அண்ணன் கம்பியைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். பிறகு மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி எடுத்து, சொன்னார்: "சீட்... பெல்ட்டு."

அண்ணி சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

இரண்டாவது ஸ்கேனில் சின்னதாக ஒரு ரத்தக் கசிவு தெரிந்தது. பொட்டு அளவு. "கவலைப்பட வேணாம், தானா உறிஞ்சிடும்" என்றார்கள். நாங்களும் கவலைப்படவில்லை. நடக்க ஆரம்பித்தார். வார்த்தைகள் மட்டும் சில நாள் இடம் மாறி உட்கார்ந்திருந்தன. தலையணையைக் கேட்க 'ஸ்டெப்னி' என்பார், காப்பி ஆறிப்போனால் 'டயர்ல காத்து இல்லை' என்பார். நாங்களும் அந்த மொழியைக் கற்றுக்கொண்டோம். இப்போது யோசித்தால், எங்கள் வீட்டில் அவ்வளவு சிரித்த நாட்கள் வேறு இல்லை. பயம் விலகியபிறகு வருகிற சிரிப்பு அது.

சில மாதங்களில், டாக்டர்கள் சம்மதித்தபிறகு, மறுபடி பயிற்சிக் காரில் ஏறினார். முதல் மாணவி ஃபர்ஸ்ட் கியர் டாக்டர்தான்.

கதையை இங்கே முடித்திருந்தால் நல்ல கதை. நானும் இங்கே முடிக்க நினைத்தேன். அண்ணி படித்துவிட்டுக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். "பாதிலயே இறங்கிட்ட. வண்டி இன்னும் ஓடிட்டிருக்கு."

6

வலிப்பு வந்த அன்று நான் அங்கே இல்லை. அதனால் இந்தப் பகுதியைத் திரும்பத் திரும்ப எழுதினேன். ஒரு வடிவத்தில் அண்ணன் அலறினார். ஒன்றில் அண்ணி அலறினார். ஒன்றில் மின்னல் வெட்டியது.

"யாரும் கத்தல" என்றார் அண்ணி. "மதியம். நல்ல வெயில். ஆரஞ்சுப் பழம் உரிச்சிட்டிருந்தாரு. வலது கை மட்டும் துள்ள ஆரம்பிச்சுது. அவர் அந்தக் கையை யாரோ பக்கத்து வீட்டுக்காரங்க கை மாதிரி பார்த்தாரு. அப்புறம் என்னைப் பார்த்தாரு. ஏதோ கேக்க வந்த மாதிரி. அதுக்குள்ள கண்ணு ஒரு பக்கமா போயிடுச்சு. விழுந்துட்டாரு."

உடம்பு முழுவதும் வெட்டி இழுத்தது. அண்ணி அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, நாற்காலிகளைத் தள்ளிவிட்டு, தலைக்குக் கீழே தன் கையைக் கொடுத்தபடி உட்கார்ந்திருந்தார். இழுப்பு நின்றபிறகு அண்ணன் ஆழ்ந்து தூங்கினார். விழித்தபோது எதுவும் நினைவில்லை. "பழம் எங்க?" என்று கேட்டார்.

ஆஸ்பத்திரியில் சொன்னது: வலிப்பு. இனி தினமும் மாத்திரை. நீண்ட காலம் வலிப்பு இல்லாமல் இருந்து, டாக்டர் எழுதிக் கொடுக்கும்வரை கார் ஓட்டக் கூடாது. பயிற்சிக் காரின் பக்கத்து இருக்கையிலும் உட்காரக் கூடாது, அங்கேயும் பிரேக் இருக்கிறதே.

பார்க்க வந்த எங்கள் சித்தப்பா, நாற்காலியில் சாய்ந்துகொண்டு தீர்ப்புச் சொன்னார்: "நல்லாத்தானே இருந்தான். எல்லாம் அந்த ஊசி பண்ணின வேலை. அன்னிக்கு யாரு அதுக்கு ஒத்துக்கிட்டது?"

அண்ணி எழுந்து உள்ளே போனார். அதன் பிறகு பல வாரங்கள் அவர் அண்ணனின் முகத்தை நேராகப் பார்த்துப் பேசவில்லை. அவர் சட்டைப் பித்தானைப் பார்த்துப் பேசினார்.

7

நரம்பு டாக்டரின் அறை. அண்ணன், அண்ணி, நான். அண்ணி பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"ஊசியாலயா டாக்டர்?"

நரம்பு டாக்டர் நடுவயதுப் பெண்மணி. நிதானமாகப் பேசுபவர். "அடைப்பு வந்த இடத்துல மூளையில ஒரு தழும்பு இருக்கும்மா. தோல்ல இருக்கிற தழும்பு சும்மா இருக்கும். மூளையில இருக்கிறது சில பேருக்குச் சும்மா இருக்காது, பக்கத்துல இருக்கிறதைச் சீண்டும். அதுதான் வலிப்பு. ஊசியும் குழாயும் அந்தத் தழும்பு பெருசாகாம இருக்கத்தான்."

"ரத்தம் கசிஞ்சுதே?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "நியாயமான கேள்வி. மூளையோட மேற்பரப்புல ரத்தம் பட்டா வலிப்பு வர்ற வாய்ப்பு கூடும். ஊசி போட்டா கசியுற வாய்ப்பும் கொஞ்சம் கூடும். அதனால சம்பந்தமே இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா நிறைய பேரைச் சேர்த்து வச்சுப் பார்த்த ஆராய்ச்சிகள்ல, இந்தச் சிகிச்சையாலயே வலிப்பு அதிகமாகுதுன்னு தெளிவா ஒண்ணும் தெரியல. பெரிய அடைப்புக்குத்தான் இவ்வளவு பெரிய சிகிச்சை. பெரிய அடைப்பு வந்தவங்களுக்குத்தான் வலிப்பும் அதிகம் வருது. தள்ளி நின்னு பார்த்தா, ஒண்ணாலதான் இன்னொண்ணு வந்த மாதிரி இருக்கும்."

"இவருக்கு எதனால?"

"ஒரே ஒருத்தருக்கு எதனாலன்னு பிரிச்சுச் சொல்ல யாராலயும் முடியாதும்மா."

அதுவரை பேசாமல் இருந்த அண்ணன் தொண்டையைக் கனைத்தார். சொற்களைத் தேடி, ஒவ்வொன்றாக வைத்தார். "மழைன்னாதான்... வைப்பர் போடுவோம். சித்தப்பா... வைப்பர் போட்டதாலதான் மழைங்கிறாரு."

நரம்பு டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். அண்ணி சிரிக்கவில்லை.

திரும்பும்போது என்னிடமிருந்து சாவியை வாங்கி அண்ணிதான் ஓட்டினார். கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக. பக்கத்தில் நான். பின் இருக்கையில், வாழ்நாளில் ஒருபோதும் உட்கார்ந்திராத இடத்தில், அண்ணன். ஆஸ்பத்திரி வாசலிலேயே வண்டி குலுங்கி நின்றது.

"கிளட்ச..." என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

"பேசாம வாங்க!"

கொஞ்ச தூரம் போனதும், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் அண்ணி கேட்டார்: "நான் அன்னிக்குக் கையெழுத்துப் போடாம இருந்திருந்தா?"

கண்ணாடியில் அண்ணனின் உதடுகள் அசைவது தெரிந்தது. அவர் வார்த்தை தேடுகிறார் என்று எங்களுக்குத் தெரியும்.

"போடலைன்னா, பின்னாடி உக்காந்து... உன் டிரைவிங்கைக் குறை சொல்ல... ஆளிருக்காது."

அண்ணி வண்டியை ஓரம் கட்டினார். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். நடுநடுவே சிரித்தார். பின்னாலிருந்து ஒரு கை வந்து, ஓட்டுநருக்குத் தெரியாமல், இண்டிகேட்டரைப் போட்டுவிட்டுப் போனது.

(எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம் இதுதான். இங்கேயும் முடித்திருக்கலாம்.)

8

அதன் பிறகு வலிப்பு வரவில்லை. மாத்திரை, தூக்கம், நடை. பயிற்சிக்கு வேறொருவரை வைத்துக்கொண்டு, அண்ணன் வீட்டு முன்னறையில் சாலை விதிகளை மட்டும் சொல்லிக்கொடுத்தார். மேசைமேல் இரண்டு தீப்பெட்டிகளை ஓட்டிக் காட்டுவார். ஃபர்ஸ்ட் கியர் டாக்டர் தேர்வில் தேறிவிட்டு, சொந்தக் காரில் வந்து, ஹாரன் அடித்து அவரை வெளியே கூப்பிட்டுக் காட்டினார். அண்ணன் அந்தக் காரைச் சுற்றி வந்து, பானெட்டைத் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். அன்று தீப்பெட்டிகளைத் தொடவில்லை.

ஓட்டுவதற்கு அனுமதி கேட்கலாம் என்ற நாள் நெருங்கியது. அதற்குக் கொஞ்ச நாள் முன்னால், செய்தித்தாள் படிக்கும்போது, அண்ணனின் வலது கை விரல்கள் சில நொடிகள் தானாகத் துடித்தன. அண்ணி பார்த்தார். அண்ணி பார்த்ததை அண்ணனும் பார்த்தார். அண்ணன் பக்கத்தைப் புரட்டினார்.

நரம்பு டாக்டர் கேட்டார்: "நடுவுல ஏதாவது இருந்துச்சா? சின்னதா, விரல் துடிக்கிற மாதிரிகூட?"

அண்ணி தரையைப் பார்த்தார். சொல்வதில்லை என்று முடிவு செய்து வந்திருந்ததாகப் பிறகு என்னிடம் சொன்னார். மறுபடி ஓட்ட அண்ணன் எவ்வளவு ஏங்கினார் என்று அண்ணிக்குத்தான் தெரியும்.

"இருந்துச்சு" என்றார் அண்ணன். "ஒரு தடவை. விரல்ல."

மாத்திரையின் அளவு கூடியது. அனுமதி தள்ளிப்போனது. வெளியே வந்ததும் அண்ணி கேட்டார்: "ஏங்க சொன்னீங்க?"

"அன்னிக்கு நீ தனியா... முடிவெடுத்த. இன்னிக்கு என் முறை."

அண்ணி அன்று அவர் முகத்தைப் பார்த்துத்தான் பேசினார். பித்தானை இல்லை.

9

நேற்று இதுவரை எழுதியதை அவர்களுக்குப் படித்துக் காட்டினேன். அண்ணன் கண்ணை மூடிக் கேட்டார். முடித்ததும் ஒரு விண்ணப்பம் வைத்தார்.

"கடைசியில... நான் ஓட்டுற மாதிரி எழுதிடு, குட்டி. கதையிலயாவது."

"கதையிலகூட வேணாம்" என்றார் அண்ணி. "கதையில ஓட்டினா, நாளைக்கு நிஜத்துல சாவி கேப்பாரு."

"கதைதானே!"

"உண்மையா எழுதுன்னு சொல்லித்தான் கொடுத்திருக்கேன்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் யார் பக்கம் பேச? ஒருவர் என் அண்ணன், இன்னொருவர் அவரை எனக்குத் திருப்பித் தந்தவர்.

ஆகவே எழுதுகிறேன்:

'விடிந்து கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. தெருவில் ஒருவரும் இல்லை. பழைய கார் வாசலில் நின்றது. கூரையில் பலகை இல்லை. அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையோடு வெளியே வந்தார். பின்னாலேயே அண்ணி வந்தார், கையில் சாவி. காருக்கு முன்னால் இருவரும் நின்றார்கள். அண்ணன் அண்ணியைப் பார்த்துக் கையை நீட்டினார்.'

இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை. அவர் கேட்டது சாவியையா, அண்ணியின் கையையா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எழுதிவிட்டு என்னிடம் மட்டும் சொல்லாதீர்கள். அண்ணி கேட்டால், எனக்குத் தெரியாது என்று நான் உண்மையாகவே சொல்ல வேண்டும்.